கூடிக் கற்கும் அவையும் கூலி பெறாத் தொண்டரும்

கூட்டுறவு இயக்கத்துக்குக் கல்வியே உயிர்நாடி என்று நாம் மேடைதோறும் பேசி வருகிறோம். இது வெறும் மேடைப் பேச்சு அன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் சிலரும் பிற தொழிலாளரும் சேர்ந்து ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அந்தக் கடைக்கு மேலே சில ஆண்டுகளில் ஒரு வாசகசாலை எழுந்தது. ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்குவது என்றும் அவர்கள் விதி செய்துகொண்டனர். சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் 1995-ல் வகுத்தளித்த ஏழு கொள்கைகளில் கல்வி ஐந்தாவதாக நிற்கிறது. நம் மாநிலத்துச் சங்கங்களும் தம் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தி வருகின்றன.

இது நிற்க. இன்றைய அங்கத்தினர் எங்கே கற்கிறார்? கூட்டுறவு வாரத்துப் பந்தலிலும் பயிற்சி முகாமிலும் அவர் கற்பது ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களில், மாலையில் தறிக்குழியை விட்டு ஏறியதும், வயலிலிருந்து வீடு திரும்பியதும், கையில் எடுக்கும் கைப்பேசியில்தான் அவர் கற்கிறார். சங்கத்தின் பெயராலோ ஊரின் பெயராலோ ஏற்பட்டுள்ள வாட்ஸ்அப் குழுக்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்திருக்கின்றனர். பாவில் இழை அடிக்கடி அறுவது நூலின் குறையா, கஞ்சியின் குறையா என்று ஒருவர் கேட்கிறார். நெற்பயிர் வட்டவட்டமாய்க் கருகுவது ஏன் என்று மற்றொருவர் படம் பிடித்து அனுப்புகிறார். அரை மணி நேரத்தில் பத்து விடைகள் வந்து குவிகின்றன. கட்டடமும் மணியும் வருகைப் பதிவேடும் இல்லாத ஒரு பள்ளிக்கூடம் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

ஆனால் வந்து குவியும் பத்து விடைகளில் எது மெய், எது பொய் என்று பிரித்துக் காட்டுவோர் யார்? சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் இடங்களில் நம் உள்ளத்தை உறுத்தும் வினா இதுவே.

ஓர் உதாரணம் கூறுவோம். நெல்லில் புகையான் பூச்சி தாக்கியது என்று வைத்துக்கொள்வோம். அது தூரின் அடியில் கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது. தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுவதும், தழைச்சத்து உரத்தை அளவோடு நிறுத்துவதும் அதற்கு உரிய முதற்காரியங்கள். பைரித்திராய்டு வகை மருந்தைத் தெளித்தாலோ, புகையானைத் தின்னும் சிலந்தி முதலான நன்மை செய்யும் உயிர்கள் மடிந்து, புகையான் முன்னிலும் பன்மடங்காய்ப் பெருகும். இது வேளாண்மைத் துறையினர் நெடுங்காலமாய் எச்சரித்து வரும் செய்தி. எனினும், "இந்த மருந்தை அடியுங்கள், மூன்றே நாளில் மாயமாகும்" என்று குழுவில் யாரோ ஒருவர் எழுதிவிடுகிறார். அவர் மருந்துக் கடைக்காரராகவும் இருக்கலாம். நல்லெண்ணம் மட்டுமே உடைய அரைகுறை அறிவினராகவும் இருக்கலாம். யாராயினும் நட்டம் வயலுக்குரியவருக்கே.

நெசவாளர் பக்கமும் இத்தகையதே. புற்றுநோயை விளைவிக்கக்கூடிய அமின்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-லும் நம் இந்திய அரசு 1997-லும் தடை செய்தன. விலை மலிவு, நிறம் எடுப்பு என்று புகழ்ந்து பெயர் தெரியாத சாயத்தை ஒருவர் குழுவில் விளம்பரப்படுத்துகிறார். அதை நம்பி ஓர் அங்கத்தினர் நூலுக்குச் சாயம் ஏற்றினால், அவர் நெய்த சரக்கு மட்டுமா திரும்பி வரும்? சங்கம் பல்லாண்டு பாடுபட்டுத் தேடிய நற்பெயரும் அதனுடன் போகும்.

ஆகவே கூடிக் கற்கும் அவைக்கு ஒரு காவலர் வேண்டும். இத்தகைய பணி செய்வோரை இணையத் தமிழில் மட்டுறுத்துநர் என்று வழங்குகின்றனர். பேச்சை ஓர் அளவுக்குள் நிறுத்துபவர் என்பது அதன் பொருள். அவர்களை அவைத் தொண்டர் என்று அழைப்பதையே நாம் விரும்புகிறோம். ஏனெனில், உலகெங்கும் இப்பணியில் பெரும்பகுதியைச் செய்துவருவோர் ஊதியம் பெறாத தொண்டர்களே.

இது புதிய தேவை என்று எண்ணிவிடலாகாது. தொலைவிலிருந்து வரும் கல்வியைப் பெற ஒரு கூட்டம் சேரும் போதெல்லாம், அக்கூட்டத்துக்குள்ளேயே ஒரு தொண்டர் தேவைப்பட்டிருக்கிறார். கனடா நாட்டில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றம் என்ற பெருமுயற்சி நடைபெற்றது. அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமும் விவசாயிகள் சம்மேளனமும் முதியோர் கல்விச் சங்கமும் சேர்ந்து அதை நடத்தின. திங்கட்கிழமை இரவுதோறும் அண்டை அயல் குடும்பத்தினர் ஒரு வீட்டில் கூடுவர். முன்னதாகவே அஞ்சலில் வந்த சிறு பிரசுரத்தைப் படித்திருப்பர். நிகழ்ச்சியைக் கேட்பர், பின்னர் விவாதிப்பர். விவாதத்தின் முடிவைக் குழுவின் செயலர் எழுதி மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவார். அவர் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் அல்லர். அவரும் ஒரு குடியானவரே.

அந்த முறையை நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அகில இந்திய வானொலி சோதித்துப் பார்த்தது. பூனா நிலையம் மராத்தி மொழியில் இருபது நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிற்று. சுற்றுப்புற மாவட்டங்களில் 150 கிராமங்களில் மன்றங்கள் ஏற்பட்டன. ஒவ்வொரு மன்றத்திலும் ஏறத்தாழ இருபது பேர். அவர்களுள் ஒருவர் தலைவர், ஒருவர் கூட்டுநர். கேட்டதைப் பற்றிப் பேச்சை எழுப்புவதும், ஐயங்களைக் குறித்து வானொலி நிலையத்துக்கு எழுதுவதும் கூட்டுநரின் கடமை. எழுதப்பட்ட ஐயங்களுக்குப் பின்னொரு நாள் வானொலியிலேயே விடை வரும்.

டாட்டா சமூக விஞ்ஞான நிலையத்தின் சார்பில் பால் நியூராத் என்ற அறிஞர் இச்சோதனையை மதிப்பிட்டார். மன்றம் உள்ள ஊர்களை மட்டுமன்றி, வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும், பெட்டியே இல்லாத ஊர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களிலோ வளர்ச்சி சொற்பமே. அன்பர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். காற்றில் வந்த குரல் ஒன்றே, பெட்டியும் ஒன்றே. வேற்றுமையை உண்டாக்கியது, மக்களைக் கூட்டி, பேச வைத்து, ஐயத்தை எழுதி, விடையைக் கொண்டுவந்து சேர்த்த அமைப்பும் அதனைத் தாங்கிய தொண்டருமே. வானொலிப் பெட்டி இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது. மற்றவை மாறிவிடவில்லை.

இனி, இணையத்திலேயே நடந்துவரும் இரண்டு முயற்சிகளைக் காண்போம். முதலாவது, நம் தாய்மொழியில் 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் முதலான ஆர்வலர்கள் தொடக்க காலத்தில் வளர்த்த அக்கலைக்களஞ்சியத்தில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எழுதுவோர்க்கும் ஊதியம் இல்லை. காப்போர்க்கும் ஊதியம் இல்லை. அங்கு நிர்வாகிகளாய்ப் பணிபுரிவோரைப் பங்களிப்பவர்களே கலந்து பேசித் தேர்ந்தெடுக்கின்றனர். விஷமமாக எழுதப்பட்டதை அவர்கள் நீக்கலாம். ஆனால் யார் எதை எழுதினார், யார் எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகி நிற்கிறது. அதிகாரம் பெற்றவரின் செய்கையும் அப்பதிவுக்கு விலக்கன்று. நம் சங்கத்து நாள்வழிப் புத்தகத்தை இது நமக்கு நினைவூட்டுகிறது அல்லவா?

இரண்டாவது, கணினி நிரல் எழுதுவோர் ஒருவரையொருவர் கேட்டுக் கற்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம். 2008-ல் தொடங்கிய இத்தளத்தின் அவைத் தொண்டர்களை அதில் பங்கு கொள்வோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். தளத்துக்கு உரியது ஒரு தனியார் நிறுவனம். தொண்டர்களுக்கோ ஊதியம் இல்லை. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் புனைந்த விடைகள் 2022-ன் இறுதியில் அங்கே வந்து குவியத் தொடங்கின. பார்வைக்கு அழகான நடை. உள்ளே பல பிழைகள். முதலில் அவ்விடைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் இத்தகையவை என்று ஐயுற்று விடைகளை நீக்கும் தொண்டர்களின் கையை 2023-ல் நிறுவனம் பெரிதும் கட்டிப்போட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் தொண்டர்களில் பலர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆகஸ்டு மாதம் உடன்பாடு ஏற்பட்டது. கூலி வாங்காதவர் வேலைநிறுத்தம் செய்வதா என்று சிரிப்பவர் சிரிக்கலாம். கூலி கொடாத வேலைக்கும் மதிப்பு உண்டு என்பதை, அது நின்றபோதுதான் அந்த நிறுவனம் உணர வேண்டியிருந்தது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இவற்றைக் கொண்டு பார்க்கும்போது அவைத் தொண்டரின் கடமைகள் நான்கு என்று நமக்குத் தோன்றுகிறது. பொய்யையும் விளம்பரத்தையும் வசையையும் தடுத்து நிறுத்துவது முதற்கடமை. பேசாதிருப்பவரைப் பேச வைப்பது இரண்டாவது. ஒரு குழுவில் நூறு பேர் இருப்பினும் நாள்தோறும் எழுதுவோர் ஐந்தாறு பேரே என்பதை நாம் எங்கும் காண்கிறோம். மற்றவர்க்கு ஐயமே இல்லை என்பது அதன் பொருளன்று. கேட்டால் நகைப்பார்களோ என்ற அச்சமே காரணம். விடை தெரியாதபோது, தெரிந்தவரிடம் கேட்டு வந்து சொல்வது மூன்றாவது. பயிர்ச் சந்தேகத்துக்கு வேளாண் அறிவியல் நிலையமும், 2004 முதல் தமிழிலும் விடையளித்து வரும் உழவர் அழைப்பு மையமும் உண்டு. சாயத்துக்கும் வடிவமைப்புக்கும் காஞ்சிபுரம், சேலம் போன்ற ஊர்களில் நெசவாளர் சேவை மையங்கள் உண்டு. கிடைத்த விடை நாளைக் காலை வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகாமல் எழுதி வைப்பது நான்காவது.

தொண்டர் ஆசிரியர் அல்லர் என்பதையும் இங்கே வற்புறுத்த விரும்புகிறோம். எல்லாம் அறிந்தவரைத் தேடினால் ஒருவரும் அகப்படார். "இது எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூசாமல் கூறக்கூடியவரே இப்பணிக்கு ஏற்றவர். பூனாவின் கூட்டுநர் வேளாண்மைப் பட்டதாரி அல்லர். ஐயத்தைச் சரியாக எழுதத் தெரிந்தவர், அவ்வளவே.

இனி, சற்றுக் கசப்பான ஒரு விஷயத்துக்கு வருவோம். இத்தொண்டைச் சங்கத்தின் தலைவரோ செயலரோ செய்துவிடலாமே, தனித் தொண்டர் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். எளிய வழியாகத் தோன்றும் இதை நாம் ஒப்பவில்லை. ஓர் அங்கத்தினர் குழுவில் கூலிப் பாக்கியைப் பற்றிக் கேட்கிறார். அல்லது நூல் கொள்முதல் விலை ஏன் உயர்ந்தது என்று கேட்கிறார். அல்லது பயிர்க் கடன் பட்டியலில் தம் பெயர் விட்டுப்போனது எப்படி என்று கேட்கிறார். அவ்வினா யாரை நோக்கியதோ அவர் கையிலேயே அதை அழிக்கும் அதிகாரமும் இருந்தால் நடப்பது என்ன? வினா மறைகிறது, சில சமயம் வினவியவரே குழுவிலிருந்து மறைகிறார். அவர் மீண்டும் சேர்க்கப்பட்டாலும் மீண்டும் கேட்க மாட்டார். அவரைப் பார்த்து மற்ற தொண்ணூறு பேரும் கேட்க மாட்டார்கள். பின்பு அந்தக் குழுவில் வாழ்த்துகள் மட்டுமே மிஞ்சும்.

கணக்குக் கேட்பதும் கல்வியே. ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் இருப்பது, எங்களைப் போன்ற ஆய்வாளர் பத்துப் பேர் வந்து போவதினும் சங்கத்துக்குப் பெரிய காவல். வினாவில் வசைமொழி இருந்தால் தொண்டர் அதை நீக்கட்டும்; வினாவை நீக்கலாகாது. குழுவில் விடை கூற இயலாததாயின், சங்கத்தின் எந்தக் கூட்டத்தில், யாரிடம், எழுத்து மூலம் எவ்வாறு கேட்பது என்று வழி காட்டட்டும். பொய்யைத் தடுக்கும் கை, மெய்யான குறையையும் மூடிவிடலாகாது. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதே இத்தொண்டின் கடினமான பகுதி. அதன் பெருமையும் அதுவே.

தொண்டர் தாமே ஒரு சிற்றரசராகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்போரும் உளர். நியாயமான அச்சம்தான். அதிகாரம் சிறிதாயினும் மயக்கம் பெரிது. அதற்குப் பரிகாரம் தொண்டரை ஒழிப்பதன்று. அவரை அங்கத்தினர்க்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆக்குவதே. ஊதியம் இல்லாதவர் எத்தனை நாள் உழைப்பார் என்பது மற்றோர் ஐயம். ஒருவர் தலையிலேயே சுமையை ஏற்றிவிட்டு, நன்றி ஒன்றும் கூறாமல், தவறு நேர்ந்தபோது மட்டும் ஏசினால், அவர் மூன்று திங்களில் சோர்ந்துபோவார். சுமையைப் பகிர்ந்தளித்தால் சோர்வு வராது.

ஆதலின், சங்கங்கள் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் யோசனை கூறுகிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் கற்கும் குழுவுக்கு மூன்று தொண்டர்களைப் பொதுப் பேரவையில் அங்கத்தினர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் நிர்வாகக் குழுவைச் சாராதவர்களாய் இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாய் இருத்தல் வேண்டும். பாவு தோய்ப்பதும் இழை சுற்றுவதும் நாற்று நடுவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பே. எனினும் ஆண்கள் நிறைந்த குழுவில் அவர்கள் ஐயம் கேட்கத் தயங்குகின்றனர். பதவிக் காலம் ஓராண்டு. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவரே இருத்தல் கூடாது.

குழுவின் விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். எது நீக்கப்படும் என்பதும், நீக்கினால் காரணம் கூறப்படும் என்பதும், நீக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தால் போதும். வினா, விடை, விடை தந்தவர், சரிபார்த்த இடம் என்ற நான்கு பத்திகள் கொண்ட ஒரு பதிவேடு சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். அதைத் திங்கள்தோறும் ஒரு நாள் உரக்கப் படித்துக் காட்டினால், கைப்பேசி இல்லாத மூத்த நெசவாளரும் எழுத்தறியாத உழவரும் பயன் பெறுவர். குழுவின் கல்வி குழுவுக்குள்ளேயே நின்றுவிட்டால் அது கூட்டுறவு ஆகாது.

தொண்டர்க்குச் சம்பளம் வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசிக் கட்டணத்தையும், சேவை மையத்துக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ சென்றுவரும் செலவையும் அவர் தம் கையிலிருந்து கொடுப்பது நியாயமன்று. அச்சிறு தொகையைச் சங்கமே விதிப்படி ஏற்றுக்கொள்ளட்டும். ஆண்டறிக்கையில் அவர்கள் பெயரையும், அவர்கள் கொண்டுவந்து சேர்த்த விடைகளின் எண்ணிக்கையையும் அச்சிடட்டும். விற்பனை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதும் அறிக்கையில், கற்றது எவ்வளவு என்பதற்கும் ஒரு வரி இருத்தல் தகும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி அங்கத்தினர் எவரும் தம் சங்கத்துக்கு இன்றே எழுதிக் கேட்கலாம். நிர்வாகிகளும் இதைத் தம் அதிகாரத்தில் குறுக்கிடும் முயற்சி என்று கருதாமல், தம் பொறுப்பின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ள வரும் துணை என்று கருதுவார்களாக. கடனும் நூலும் விதையும் சங்கத்தில் கிடைப்பது போல, நம்பத்தக்க விடையும் சங்கத்தில் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட வேண்டும். அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆளும் நம் ஊரிலேயே இருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்து, நம்பி, கணக்கும் கேட்கும் வேலையே பாக்கி. அதை அங்கத்தினர்களாகிய நாமே செய்தல் வேண்டும்.